அழாத பிள்ளை அமைதியான பிள்ளையா?

2009 மே மாதத்துக்குப் பின்னர் வன்னியில் பிறந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதில் நிற்கிறார்கள். ஷெல் சத்தம் கேட்டறியாத தலைமுறை இது. ஆனாலும் சிறு ஏமாற்றத்துக்கே கொதித்தெழுகிறார்கள், அல்லது வாய்திறக்காமல் ஒடுங்கிப்போகிறார்கள். கைத்தொலைபேசியும் போதைப்பொருளும்தான் காரணம் என்று சொல்லி நாம் பேச்சை முடித்துக்கொள்கிறோம். விடையின் ஒரு பகுதி அவர்களுடைய முதல் சில வருடங்களில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

பிள்ளைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் பௌல்பி. அவருடன் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வேத், ஒரு வயதுக் குழந்தையைத் தாய் சில நிமிடங்கள் விட்டுச்சென்று திரும்பும்போது என்ன நடக்கிறது என்று கவனித்தார். பாதுகாப்பை உணர்ந்த குழந்தை அழும். தாய் தூக்கியதும் ஆறி, மறுபடி விளையாடப் போகும். இன்னொரு குழந்தை தாயை இறுகப் பற்றும், கோபத்தில் தள்ளும், எளிதில் ஆறாது. மூன்றாவது குழந்தை அழுவதுமில்லை, தாயை ஏறிட்டுப் பார்ப்பதுமில்லை.

இந்த மூன்றாவது பிள்ளையைத்தான் எங்கள் ஊரில் 'நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை' என்போம். ஆனால் 1977இல் வெளியான ஓர் ஆய்வு, அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பும் பிரிவின்போது கூடுவதைக் காட்டியது. நெருக்கீடு உள்ளே இருக்கிறது. அழுது பயனில்லை என்று பிள்ளை பழகிக்கொண்டிருக்கிறது.

பின்னர் மேரி மெயின் என்ற ஆய்வாளர் நான்காவது வகையொன்றையும் அடையாளங்கண்டார். ஓடிப்போய் ஒதுங்கவேண்டிய மடியே அச்சத்தில் உறைந்திருந்தால், பிள்ளை நெருங்குவதா விலகுவதா என்று தெரியாமல் தடுமாறும். ஆறாத இழப்பைச் சுமக்கும் பெற்றோரின் பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்படுவதாக அவருடைய ஆய்வுகள் கூறின.

இதை வாசிக்கும்போது என் நினைவுக்கு வருவது, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டம். இறந்துவிட்டார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று ஆறவும் முடியாது. அந்தக் காத்திருப்புக்குள்தான் பல வீடுகளில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

இது தாய்மாரைக் குறைசொல்லும் கதையல்ல. கிடைத்ததை வைத்துப் பிள்ளைகளை உயிரோடு காத்தவர்கள் அவர்கள். பிணைப்பு மாறாத விதியும் அல்ல. அம்மம்மாவோ, சித்தியோ, ஓர் ஆசிரியரோ, நம்பிச் செல்லக்கூடிய ஒருவர் தொடர்ந்து இருந்தால் பிள்ளை புதிதாகப் பழகிக்கொள்ளும்.

ஆகவே பாடசாலைகள் கொதிக்கும் பிள்ளையை அடித்து அடக்குவதையும், ஒடுங்கிய பிள்ளையை மறந்துவிடுவதையும் நிறுத்தவேண்டும். உளவளத்துணை பிள்ளையோடு நின்றுவிடாமல் வளர்ப்பவரையும் சென்றடையவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோருக்கு என்ன நடந்தது என்ற உண்மையைச் சொல்வதற்கு அரசு கடமைப்பட்டிருக்கிறது. அந்த உண்மை மறைக்கப்படும்வரை, போரைக் காணாத பிள்ளைகளும் அதன் சுமையைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள்.