இரண்டரை மதிப்பெண் எதை அளக்கிறது?

மொழிபெயர்ப்புச் செயலி எல்லோர் கைப்பேசியிலும் வந்துவிட்ட பிறகு, பள்ளிப் பிள்ளைகளை ஆங்கிலத்துக்காக ஏன் இப்படிப் பிழிந்தெடுக்க வேண்டும் என்ற கேள்வி சீனாவில் மறுபடியும் கிளம்பியிருக்கிறது. கேள்வி பழையது, செயலி மட்டும்தான் புதிது. 2013இல் பெய்ஜிங் நகர நிர்வாகம், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவோகாவில் ஆங்கிலத்துக்குள்ள 150 மதிப்பெண்ணை 100 ஆகக் குறைத்து, சீன மொழிக்கு 180 தரலாம் என்று வரைவு ஒன்றை வெளியிட்டது. அது வரைவாகவே போயிற்று. 2021 மார்ச்சில் அரசியல் ஆலோசனை மாநாட்டு உறுப்பினர் சூ ஜின், ஆங்கிலத்தை முதன்மைப் பாட வரிசையிலிருந்தே எடுத்துவிடலாம் என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஷாங்காய் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கில இறுதித் தேர்வை நிறுத்தியது. 2023 செப்டம்பரில் சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம், பட்டம் வாங்க ஆங்கிலத் தேர்ச்சி கட்டாயமில்லை என்று அறிவித்தது. இந்தச் செய்திகளை வரிசையாக ஒட்டி, ‘சீனாவே ஆங்கிலத்தைத் தூக்கி எறிகிறது பாருங்கள்’ என்று நம்மூரிலும் சிலர் பூரித்துப்போகிறார்கள்.

யாரும் எதையும் எறியவில்லை. மொத்தம் 750இல் 150 இன்றும் அப்படியே இருக்கிறது. கணிதத்துக்கு எவ்வளவோ அவ்வளவு. சீன மொழிக்கு எவ்வளவோ அவ்வளவு. 2025இல் இந்தத் தேர்வுக்குப் பதிந்தவர்கள் 1 கோடியே 33 லட்சத்து 50 ஆயிரம் பேர். ‘சீனா ஆங்கிலம் இல்லாமலே வளர்ந்தது’ என்று மேடையில் முழங்குவோருக்கு இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். கலாச்சாரப் புரட்சிக்குப் பின் 1977இல் நுழைவுத் தேர்வு மீண்டும் வந்தபோது ஆங்கிலத்துக்கு அதில் மரியாதை கிடையாது. 1979இல் ஆங்கில மதிப்பெண்ணில் 10 விழுக்காட்டை மொத்தத்தில் சேர்த்தார்கள். 1980இல் 30, 1981இல் 50, 1982இல் 70, 1983இல் முழு 100. பொருளாதாரம் நிமிர்ந்து எழுந்த ஆண்டுகளும் இவைதான். இந்த வாதத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

என் எரிச்சல் வேறு. ஆங்கிலம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் பத்தாண்டுக்கும் மேலாக 150 என்ற எண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த 150 எதற்குத் தரப்படுகிறது என்று வினாத்தாளைப் பிரித்துப் பார்க்க இரு தரப்புக்கும் நேரமில்லை.

பிரித்துப் பார்ப்போம். ஜூன் 8 பிற்பகல் 3 மணி. 2 மணி நேரத் தாள். கேட்டுப் புரிதலுக்கு 30, மொழிப் பயன்பாட்டுக்கு 30, எழுத்துக்கு 40. மீதி 50 வாசித்துப் புரிதலுக்கு. அதாவது தாளில் மூன்றில் ஒரு பங்கு. நான்கு பத்திகள், 15 கேள்விகள். கூடவே ஐந்து இடங்களில் வாக்கியம் உருவப்பட்ட இன்னொரு பத்தி, அந்த ஓட்டைகளை அடைக்க ஏழு வாக்கியங்கள். ஆக 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். பதில் எழுத வேண்டியதில்லை. 2பி பென்சிலால் கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும்.

இந்த இரண்டரையை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஒரு மதிப்பெண் ஏறினால் ஆயிரம் பேரைச் சாய்க்கலாம் என்பது சீன மேல்நிலைப் பள்ளிச் சுவர்களில் தொங்கும் முழக்கம். முழக்கத்தில் மிகை இருக்கும்தான். ஆனால் ஹெனான் போல ஒரே மாநிலத்தில் பத்து லட்சத்துக்கு மேல் எழுதும் இடத்தில், நடுத்தட்டில் நிற்கும் மாணவனுக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் ஆயிரக்கணக்கானோர் குவிந்திருப்பார்கள். அங்கே ஒரு வாசிப்புக் கேள்வியில் பென்சில் பக்கத்துக் கட்டத்துக்கு வழுக்கினால் பெரிய ஊரின் மக்கள்தொகை அளவு பேர் முந்திக்கொண்டு போய்விடுவார்கள். கணிதத்தில் வழி சரியாக இருந்து விடை தவறினால் பாதி மதிப்பெண்ணாவது தேறும். சீன மொழித் தாளில் வாசிப்புக் கேள்விகள் பலவற்றுக்கு மாணவன் தன் சொந்த வாக்கியத்தில் பதில் எழுதுகிறான். ஆங்கில வாசிப்பில் எல்லாக் கேள்விக்கும் இரண்டரை, இல்லையென்றால் பூஜ்யம்.

இந்த எண்ணில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை 2018இல் ஜெஜியாங் மாநிலம் பட்டுத் தெரிந்துகொண்டது. நவம்பரில் நடந்த ஆங்கிலத் தேர்வு வழக்கத்தைவிடக் கடினமாக அமைந்துவிட்டது. பதறிய அதிகாரிகள், வாசிப்பிலும் மொழிப் பயன்பாட்டிலும் சில கேள்விகளுக்கான மதிப்பெண்ணைக் கடினத்தன்மைக்கு ஏற்பக் கூட்டிக்கொடுத்தார்கள். எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. மதிப்பெண் வெளியானதும் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. டிசம்பர் 5ஆம் தேதி கூட்டியதை எல்லாம் ரத்து செய்து பழைய மதிப்பெண்ணையே தந்தது. கல்வித் துறைத் தலைமையின் பதவியும் போயிற்று. அந்தக் கொந்தளிப்பில், அந்தக் கேள்விகள் வாசிப்பைத்தான் அளந்தனவா என்ற விவாதம் எழவே இல்லை. மதிப்பெண் நியாயமாகப் பங்கிடப்பட்டதா என்பது மட்டுமே எல்லோருக்கும் கவலை.

அளக்கின்றனவா? நான்காவது பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அறிவியல் அல்லது சமூக ஆய்வு பற்றியது. பிரிட்டிஷ், அமெரிக்க இதழ்க் கட்டுரை எதையாவது வெட்டிச் சுருக்கியது. அதைப் படித்து, பாடுபட்டுப் புரிந்துகொண்ட மாணவன் கேள்விக்கு வருகிறான். கேள்வியும் ஆங்கிலம், நான்கு விடைகளும் ஆங்கிலம். அந்த விடைகளில் ஒரு சொல் அவனுக்குத் தெரியாது. பத்தி புரிந்தும் இரண்டரை போய்விட்டது. பக்கத்து வரிசைக்காரனுக்குப் பத்தியே புரியவில்லை. அவன் பயிற்சி வகுப்பில் காசு கொடுத்து வித்தை கற்றவன். ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’, ‘ஒன்லி’ என்று அடித்துச் சொல்லும் விடையைக் கழித்துவிடு. பத்தியில் உள்ள சொற்றொடரை அப்படியே வைத்திருக்கும் விடையைச் சந்தேகப்படு. மூன்று நீளமாக, ஒன்று குட்டையாக இருந்தால் குட்டையானதை எடு. மூன்று குட்டையாக, ஒன்று நீளமாக இருந்தால் நீளமானதை எடு. எதுவும் தோன்றாவிட்டால் சி. சீன மாணவர் அத்தனை பேருக்கும் தெரிந்த, பாதி கேலியும் பாதி நம்பிக்கையுமான சூத்திரம் இது. இவன் இரண்டரையைத் தட்டிக்கொண்டு போகிறான்.

இது சீனாவின் தனிச் சீக்கும் அல்ல. அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வின் வாசிப்புக் கேள்விகளை, பத்தியே காட்டாமல், கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள் ஆய்வாளர் காட்ஸும் கூட்டாளிகளும். 1990இல் வெளிவந்த ஆய்வு. ஐந்து விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் 20 விழுக்காடு சரியாக வரும். அந்த மாணவர்கள் அதைவிட மிக அதிகமாகச் சரியாகச் சொன்னார்கள். படிக்காத பத்தியைப் புரிந்துகொண்டதாகச் சான்றிதழ் தரும் கருவியை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையின் கல்லூரி வாசலைத் திறப்பதும் மூடுவதும் என்ன நியாயம்?

சீன அறிஞர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1985இல் குவாங்தோங்கில் புதிய ஆங்கிலத் தேர்வு முறையை வகுத்த லி சியாவ்ஜு, குய் ஷிச்சுன் போன்றோருக்கு இருந்த ஆசையே வேறு. தேர்வை மாற்றினால் வகுப்பறை மாறும், இலக்கணத்தை உருப்போடுவது போய் மொழியைப் பயன்படுத்துவது வரும் என்று நம்பினார்கள். அந்தத் தேர்வுதான் பிறகு நாடு முழுக்கப் பரவியது. அது வகுப்பறையில் என்ன செய்தது என்று குவாங்சோ ஆய்வாளர் சி லூஷியா ஆராய்ந்து 2005இல் எழுதினார். எதிர்பார்த்த மாற்றம் பெரிதாக நடக்கவில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் மதிப்பெண்ணைத் துரத்தினார்கள், மொழி பின்தங்கிற்று. தேர்வை வைத்துப் பிள்ளைகளைச் சலித்தெடுக்கவும் வேண்டும், அதை வைத்தே கற்பித்தலைத் திருத்தவும் வேண்டும் என்றால் சலித்தெடுப்பதே ஜெயிக்கும்.

2016இல் ஜெஜியாங்கில் தொடங்கிய ஒரு வகைக் கேள்வியை மட்டும் மனதாரப் பாராட்டலாம். முடிவு தரப்படாத கதை ஒன்றைக் கொடுத்து, இரண்டு பத்திகளின் முதல் வரியையும் கொடுத்து, மிச்சத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வது. 25 மதிப்பெண். கதை புரியாதவனால் எழுத முடியாது என்றுதான் நினைத்தார்கள். இப்போது கண்ணீருக்கு நான்கு வாக்கியம், மனம் திருந்தலுக்கு மூன்று வாக்கியம், மாலை வெயிலுக்கு இரண்டு வாக்கியம் என்று கட்டுக்கட்டாக மனப்பாடம் நடக்கிறது. கதை நாயைப் பற்றியோ, பாட்டியைப் பற்றியோ, ஓட்டப்பந்தயத்தைப் பற்றியோ, கடைசியில் மாலை வெயில் விழுந்தாக வேண்டும். ஹெபெய் மாநிலத்தின் ஹெங்ஷுய் பள்ளி வழியாகப் புகழ்பெற்ற குண்டு குண்டான ஆங்கிலக் கையெழுத்தும் இந்த ரகம்தான். திரையில் திருத்துபவரின் கண்ணுக்கு இதமாக, அச்சடித்ததுபோல, லட்சம் பேர் ஒரே கையால் எழுதியதுபோல இருக்கும்.

இந்த அழகில், சூ ஜின் போன்றோரின் தீர்வு பாடத்தையே இறக்கிவிடுவது. பாட நேரத்தில் ஆங்கிலம் 10 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது, பட்டதாரிகளில் 10 விழுக்காட்டினருக்குக்கூடப் பயன்படவில்லை என்பது அவர் வாதம். அந்தக் கணக்கில் முக்கோணவியலும் வேதியியலும் ஒரு மாதம் தாங்காது. பள்ளி கைவிட்டால் ஆங்கிலம் மறைந்துவிடாது. காசுள்ளவன் வீட்டு வரவேற்பறைக்கு இடம் மாறும். 2021 ஜூலையில் தனிப்பயிற்சி நிறுவனங்களை அரசு ஒடுக்கியபோது நடந்தது அதுதான். நியூ ஓரியண்டல் போன்ற பெரிய நிறுவனம் நேரலையில் விளைபொருள் விற்கப் போயிற்று. வசதியானவர்கள் வீட்டுக்கே ஆசிரியரை அழைத்துக்கொண்டார்கள்.

செயலி வாதத்துக்கு இன்னும் குறைவான மரியாதைதான் தர முடியும். 2025 ஜூனில் தேர்வு நடந்த மணி நேரங்களில், சீனாவின் பெரிய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் வசதியைத் தாமே நிறுத்திவைத்தன. கணிதக் கேள்வியையும் அவை தீர்க்கும். கணிதத்தை எடுத்துவிடலாம் என்று யாராவது கிளம்பினார்களா? போதாக்குறைக்கு, ஆங்கிலம் வராத மாணவர்கள் ஜப்பானிய மொழிக்குத் தாவுகிறார்கள். அந்தத் தாளுக்கும் அதே 150. எழுத்து பாதி பழகியது, போட்டியும் வேறு. எந்த மொழி என்பது யாருக்கும் பொருட்டில்லை, எத்தனை மதிப்பெண் என்பதே பேச்சு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சீனம் பேசும் மற்ற இடங்கள் கொஞ்சம் நேர்மையாக இருக்கின்றன. ஹாங்காங்கில் 2012 முதல் நடக்கும் பள்ளி இறுதித் தேர்வில், வாசிப்புத் தாளின் இரண்டாம் பகுதியை எளிதாகவோ கடினமாகவோ மாணவனே தேர்ந்துகொள்ளலாம். எளியதை எடுத்தால் நான்காம் நிலைக்கு மேல் போக முடியாது. அது முன்பே தெரிந்த ஒப்பந்தம். சொந்தமாக எழுதும் குறுவிடைகளும் உண்டு. தைவான் 2022இல் கலப்பு வகைக் கேள்விகளைக் கொண்டுவந்தது. படித்ததிலிருந்து சொல்லை எடுத்துத் தானே எழுத வேண்டும். 100க்கு 10 மதிப்பெண் மட்டும், ஆனாலும் ஒரு தொடக்கம். அந்தத் தைவானிலும், 2014இல் ஒன்பதாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கியபோது ஆங்கிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கடைசிப் படியில் நின்றார். அந்தப் பிள்ளைகளுக்குப் பத்தி புரியவில்லையா, கேள்வி புரியவில்லையா என்று மதிப்பெண் பட்டியல் சொல்லாது.

அதனால்தான் சொல்கிறேன்: பத்தி ஆங்கிலத்தில் இருக்கட்டும்; கேள்வியைச் சீனத்தில் கேளுங்கள், பதிலைச் சீனத்தில் எழுதவிடுங்கள். ஒருவன் படித்ததைப் புரிந்துகொண்டானா என்று அறிய அவன் தாய்மொழியில் கேட்பதுதான் நேர்வழி. இஸ்ரேலின் எலானா ஷொஹாமி 1984இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்: ஆங்கிலப் பத்திக்கு ஹீப்ருவில் கேள்வி கேட்டபோது மாணவர்கள் கூடுதலாக எடுத்தார்கள், மிகுதியாகப் பயனடைந்தவர்கள் ஆங்கிலத்தில் பலவீனமானவர்கள். ‘அப்படியென்றால் தேர்வு எளிதாகிவிடும்’ என்பார்கள். அவர்களுக்குப் புரிந்திருந்ததை அதுவரை நாம் மறைத்துவைத்திருந்தோம் என்றே நான் படிக்கிறேன். கான்சு மலைக் கிராமத்துப் பிள்ளைக்கும் ஷாங்காய் பிள்ளைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு பகுதி அந்த நான்கு விடைகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் குட்டை விடை, நீள விடை வித்தை விற்கும் தொழில் ஐந்தே ஆண்டில் படுத்துவிடும்.

அத்தனை பேரின் பதிலை யார் திருத்துவது என்பது கடைசியாக வரும் ஆட்சேபம். அதே ஜூனில், அதே பிள்ளைகள் சீன மொழித் தாளில் 800 எழுத்துக்குக் குறையாமல் 60 மதிப்பெண் கட்டுரை எழுதுகிறார்கள். ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியே திரையில் படித்து மதிப்பெண் போடுகிறார்கள். அதற்கு ஆள் கிடைக்கிற நாட்டில், ஆங்கிலத் தாளில் ஆறு வரிச் சீனம் படிக்க மட்டும் ஆள் கிடைக்காதா?