பள்ளி விரட்டிய பையன்



சென்ற ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். "சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். என்னிடம் முன்பு படித்த ஒரு பையனின் தாயார். தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர்.

"பையனைப் படிவம் மூணுல நிறுத்திட்டாங்க சார். சண்டை போட்டானாம். இப்ப வீட்டுலயும் தங்கறதில்ல. இவன் உருப்பட மாட்டான்னு நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஏதோ கோபத்தில் நான் சொன்ன சொல். நான் மறந்துவிட்டேன், அவர்கள் மறக்கவில்லை. பதில் சொல்வதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. அவரிடம் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஜோகூர் மாநிலத்து மூவாரில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பையனின் கதை இது. பிறந்தது 1924-இல், சிங்கப்பூரில். தகப்பனார் வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை அதலபாதாளத்தில் விழுந்தது. பால்மரத்தை நம்பி வந்த நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. கடன் கழுத்தை நெரிக்க, அந்தத் தகப்பனார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பையனுக்கு அப்போது எட்டு வயது.

குடும்பம் சிங்கப்பூர் திரும்பியது. பையன் படிப்பில் நிலைக்கவில்லை, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். பதினாறு வயதில் தாயோடு பிணங்கி வீட்டைவிட்டு ஓடி, மூவாருக்கே வந்து சேர்ந்தான். அன்று அவனைப் பார்த்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள்!

ஜப்பான்காரன் காலத்தில் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு தானாகவே ஜப்பானிய மொழி கற்று, மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தான். போர் முடிந்ததும் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழிப் பாடம் படித்து, விட்ட படிப்பை முடித்தான். பின்பு மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகநலப் படிப்பு. 1954-இல் சிறப்புத் தேர்ச்சியுடன் டிப்ளோமா வாங்கியபோது வயது முப்பது. அடுத்த ஆண்டு மருத்துவமனையில் சமூகநல ஊழியர். அதன்பின் கப்பல் தொழிலாளர்களின் நல அதிகாரி. 1962 முதல் தொழிற்சங்க ஆய்வுப் பிரிவில் பணி.

புதிதாகப் பிறந்த நாட்டுக்குப் பழகிய தூதர்கள் ஏது? 1991-இல் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த ஸ்லோவேனியா, டானிலோ டுர்க் என்னும் சட்டப் பேராசிரியரைத் தன் முதல் தூதராக ஐக்கிய நாட்டுச் சபைக்கு அனுப்பியது. 1965-இல் தனித்து நின்ற சிங்கப்பூரின் நிலையும் அதுவே. அதன் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம், சிரம்பான் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். 1966-இல் அந்த அமைச்சில் உதவிச் செயலாளராகச் சேர்ந்தவர்தான் நம் மூவார்ப் பையன், எஸ்.ஆர். நாதன்.

1974-இல் நான்கு தீவிரவாதிகள் புக்கோம் தீவு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கி, 'லாஜு' என்னும் படகைப் பிடித்து, அதன் ஊழியர்களைப் பிணை வைத்தார்கள். அவர்களை விடுவிப்பதற்காக, தீவிரவாதிகளோடு ஒரே விமானத்தில் குவைத்துக்குப் போன 13 அதிகாரிகளில் நாதனும் ஒருவர். அப்போது அவர் தற்காப்பு அமைச்சில் இருந்தார். 1979-இல் மீண்டும் வெளியுறவு அமைச்சுக்குத் திரும்பி, அதன் தலைமைச் செயலாளர் ஆனார்.

1988-இல் நம் கோலாலம்பூருக்கே ஹை கமிஷனராக வந்தார். காமன்வெல்த் நாடுகள் தமக்குள் அனுப்பும் தூதருக்கு அதுதான் பெயர். 1986-இல் இஸ்ரேல் அதிபர் சிங்கப்பூர் வந்து போனதில் இரு நாட்டு உறவும் கசந்திருந்த நேரம் அது. 1990 முதல் 1996 வரை அமெரிக்காவில் தூதர். 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபர். 2016-இல் காலமானார்.

தூதர் வேலை என்றால் கோட்டும் விருந்தும் என்று நாம் நினைக்கிறோம். கோபமாக இருப்பவர் எதிரே பொறுமையாக உட்கார்ந்து, அவர் சொல்வதை முழுக்கக் கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதே அந்த வேலை. நோயாளியிடமும் கப்பல் கூலியிடமும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவருக்கு அங்கே உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

பெற்றோர்களே, ஒன்றை மறைக்கக்கூடாது. பள்ளியை விட்டவர் எல்லாரும் நாதன் ஆவதில்லை. விட்ட படிப்பை அவர் பிடித்துக்கொண்டார். அதற்குப் பல ஆண்டுகள் உழைத்தார். இன்று நம் நாட்டின் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் அதிகாரியாகச் சேரப் பட்டமும் வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். ஆனால் வழி அடைபடவில்லை. பள்ளியை விட்டவர்கள் தனிப்பட்ட முறையில் எஸ்.பி.எம். தேர்வு எழுதலாம். நாதன் டிப்ளோமா வாங்கியது முப்பது வயதில். உங்கள் மகனுக்கு இப்போதுதான் பதினைந்து.

இந்த வாரம் அந்த வீட்டுக்குப் போகப்போகிறேன். பழைய பாடநூல்களைக் கட்டி வைத்திருக்கிறேன். முதலில் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம்தான் படிப்புப் பேச்சு.

அடுத்த இதழில் சந்திப்போம்.