சூளையும் அந்நியக் கையும்

சூளையில் பீங்கான் வெடித்தால் விருத்தாசலத்துத் தொழிலாளி கடல் கடந்த காற்றைப் பழிப்பதில்லை. மண்ணையும் சூட்டையும் பார்க்கிறார். 1967-இல் காங்கிரசு தோற்றதும் தில்லியில் எழுந்த கூக்குரல் என்ன? தேர்தலில் அந்நியப் பணம் புகுந்துவிட்டதாம்! உள்துறை அமைச்சர் சவான் விசாரணை வைத்தார். அறிக்கை வெளிவரவே இல்லை.

அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் யார்? 1966-இல் உலக வங்கியின் நெருக்குதலுக்கு வளைந்து ரூபாயின் மதிப்பைக் குறைத்தவர்கள் யார்? அந்தக் கை மட்டும் கண்ணில் படவில்லை போலும்! விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரை வென்றவர் மாணவர் தலைவர் சீனிவாசன். 1965-இல் இந்தி வேண்டாம் என்றவர்கள்மீது பாய்ந்த குண்டும், அரிசிக்குக் கால்கடுக்க நின்ற வரிசையுமே அவருக்கு வாக்குச் சேகரித்தன, வாஷிங்டன் அல்ல.

தோழர்களே, இந்நோய் நம்மையும் விடுவதில்லை. வார்டில் தோற்றுவிட்டு, "எல்லாம் வெளியூர்ப் பணம்" என்றார் நம்மவர் ஒருவர். சூளைத் தொழிலாளர் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததா என்று கேட்டோம். தலைகுனிந்தார்.