சைலன்சர் மாத்தலாமாண்ணே?

நைட் டூட்டி முடிந்து ரூமுக்கு வந்து ஃபோனைத் திறந்தால், வாட்ஸ்அப்பில் சித்தப்பா மகனிடமிருந்து நாலு லிங்க், ஒரு வாய்ஸ் நோட். தம்பி இருப்பது கனடாவில், கால்கரியில். குளிர்காலம் வந்துவிட்டால் சனி, ஞாயிறு வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பக்கம் போய்விடுவான். ரெவல்ஸ்டோக், கோல்டன் என்று ஊர் பெயர் சொல்வான். ஓட்டுவது ஸ்னோமொபைல். முன்னால் சறுக்கிப் போக இரண்டு ஸ்கீ, பின்னால் புல்டோசருக்கு இருக்கிற மாதிரி நீளமாகச் சுற்றும் ரப்பர் ட்ராக். இடுப்பளவு பனியில் செங்குத்தாக ஏறும்.

வாய்ஸ் நோட் இதுதான்: "அண்ணே, இந்த நாலுல எந்த சைலன்சர் போடலாம்? சவுண்டு சும்மா அள்ளுதுண்ணே!"

எம்பிபிஎஸ் படித்தவனிடம் ஏன் சைலன்சர் கேட்கிறான் என்றால், எங்கள் அப்பா முப்பது வருஷம் டூ-ஸ்ட்ரோக் வண்டி மெக்கானிக். பத்தாவது லீவிலிருந்து நானும் அங்கேதான் கிடந்தேன். ஆர்எக்ஸ் 100 இன்ஜினைக் கழற்றி மாட்டிய கை இது. நான் பனியைப் பார்த்தது ஊட்டியில் புல் மேல் படிந்த உறைபனி மட்டும்தான். ஆனால் அவன் ஓட்டுகிற 850 சிசி வண்டியும் டூ-ஸ்ட்ரோக்தான், விதி ஒண்ணுதான்.

அவனுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் திருத்தி இங்கேயும் போடுகிறேன். கனடா, அமெரிக்கா பக்கமிருந்து நம்ம பதிவுகளைப் படிக்கிற தம்பிகள் சிலர் இருக்கீங்க. இங்கே புல்லட்டுக்கு சைலன்சர் மாற்றுகிற தம்பிகளும் காதுப் பகுதியை மட்டுமாவது படிச்சிருங்க.

முதலில் இன்ஜின் கதை. டூ-ஸ்ட்ரோக்கில் புகை போகிற குழாய் வெறும் குழாய் இல்லை. நடுவில் வயிறு பெருத்து, கடைசியில் ஒடுங்கி இருக்கும். புகை வெளியேறும்போது ஓர் அழுத்த அலை கிளம்பும். குழாய் விரிகிற இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுக்கும். ஒடுங்குகிற இடத்தில் முட்டித் திரும்பி வரும் அலை, தப்பிக்கப் பார்க்கிற புது பெட்ரோல்-காற்றை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அந்தத் திரும்பி வரும் அலை எந்த நொடியில் வந்து சேர்கிறது என்பதில்தான் பவரே இருக்கிறது. அது குழாயின் நீளத்தையும் உள்ளே இருக்கிற சூட்டையும் பொறுத்தது. கம்பெனிக்காரன் சுமார் 8,000 ஆர்பிஎம்முக்கு அதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.

காலேஜ் செகண்ட் இயரில் நான் அப்பாவுக்குத் தெரியாமல் என் ஆர்எக்ஸின் சைலன்சர் உள்ளே இருக்கும் குழலை அறுத்து எடுத்தேன். சத்தம் அப்படியொரு சத்தம். ஆனால் வண்டி முதல் கியரில் இழுக்கவே இல்லை. அப்பா ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "குதிரைக்கு மணி கட்டுனா குதிரை வேகமா ஓடுமால?" என்று கேட்டார். சத்தம் கூடியதைப் பவர் கூடியதாகக் காது நம்பிவிடும்.

தம்பி அனுப்பிய நாலு லிங்கில் மூன்று வெறும் கடைசி டப்பா. அவர்கள் 'கேன்' என்கிறார்கள். நாலாவது முழு பைப். இரண்டும் வேறு வேறு சமாச்சாரம்.

கேன் மாற்றினால் கிடைப்பது எடைக் குறைவு. கம்பெனி கேனை விட மூன்று, நான்கு கிலோ குறையலாம், சிலதில் இன்னும் கொஞ்சம். பவர் பெரிதாக ஒன்றும் ஏறாது. 200 கிலோ வண்டியில் 4 கிலோ என்றால் என்ன? 5 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பெட்ரோல், அவ்வளவுதான். மதியத்துக்குள் அந்த எடை தானாகவே குறைந்துவிடும். இருந்தாலும் இதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். பனியில் புதைந்த வண்டியை நாள் முழுக்கக் கையால் இழுத்துத் திருப்புகிறவனுக்கு ஒவ்வொரு கிலோவும் தெரியும். எடைக்காக வாங்குகிறேன் என்றால் அது நியாயமான காரணம்.

முழு பைப் மாற்றுவது அப்படி இல்லை. பவர் வருகிற ஆர்பிஎம் இடம் மாறும். அப்போது கிளட்ச் எடைகளை மாற்ற வேண்டும் (நம்ம ஸ்கூட்டி மாதிரி அதுவும் பெல்ட் வண்டிதான்), பெட்ரோல் அளவையும் மறுபடி அமைக்க வேண்டும். காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும். எங்கள் பட்டறையில் உச்சியில் ஓட்டை விழுந்த பிஸ்டன்களை அப்பா சிகரெட் ஆஷ்ட்ரேயாக வைத்திருந்தார். அதில் பாதி சைலன்சர் மாற்றிய வண்டியில் வந்ததுதான். இங்கே ஆர்எக்ஸ் பிஸ்டன் போனால் டீக்கடையில் உட்கார்ந்து மெக்கானிக்குக்கு ஃபோன் போடலாம். அங்கே சாயங்காலம் நாலு மணிக்கு மைனஸ் 20-ல், ரோட்டிலிருந்து 30 கிலோமீட்டர் உள்ளே நின்றுபோனால்? இது இன்ஜின் ரிப்பேர் இல்லை, உயிர்ப் பிரச்சனை. வாரன்ட்டி சிக்கல் தனி.

"மலை உயரத்தில் பவர் குறையுதேண்ணே" என்பான். குறையும். 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட சுமார் 20 சதவீதம் குறைவு. 160 குதிரைத்திறன் வண்டி அங்கே முப்பது குதிரையைத் தொலைத்துவிட்டுத்தான் நிற்கும். ஒன்றிரண்டு குதிரை தருகிற கேன் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. அதற்கு டர்போதான் வழி. ஸ்கி-டூ 2020 மாடலிலேயே டூ-ஸ்ட்ரோக்கில் டர்போவைக் கம்பெனி ஃபிட்டிங்காகக் கொடுத்துவிட்டது. பவர்தான் வேணும்னா காசு சேர்த்து அதை வாங்கு. ஓட்டைக் கேனை வாங்கிட்டு மனசைத் தேத்திக்காதே.

இப்போ என் துறைக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் 1975-லிருந்து ஸ்னோமொபைல் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிற அளவு, முழு த்ராட்டிலில் 50 அடி தள்ளி நின்று அளந்தால் 78 டெசிபல். கேட்க குறைவாகத் தெரியும். ஆனால் ஓட்டுகிறவன் காது 50 அடி தள்ளி இல்லையே! தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். 25 அடியில் 84, 12-ல் 90, 6-ல் 96, 3 அடியில் 100-ஐத் தாண்டும். இது தோராயக் கணக்குதான், நாள் முழுக்க யாரும் முழு த்ராட்டிலில் ஓட்டுவதும் இல்லை. ஆனாலும் கம்பெனி சைலன்சரிலேயே நிலைமை இது.

தொழிலிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் சொல்கிற வரம்பு: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி. 100-க்கு வெறும் 15 நிமிடம். நீ "அள்ளுது" என்று சொல்கிற கேன் 6 டெசிபல் கூட்டினால், உன் காதுக்கு இருந்த நேரத்தில் கால்வாசிதான் மிச்சம்.

உள்காதில் இருக்கிற மயிர் செல்கள் செத்தால் செத்ததுதான். தோல் மாதிரி, ஈரல் மாதிரி மறுபடி வளராது. மாத்திரை இல்லை, ஆபரேஷன் இல்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால் ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது.

எங்கள் அப்பாவுக்கு இப்போது 64. பட்டறையை மூடி ஆறு வருஷமாச்சு. ஒவ்வொரு வண்டியையும் காதை வைத்து ட்யூன் பண்ணிய மனுஷன். "சட்டை எங்கப்பா?" என்று கேட்டால் "கட்டை எதுக்குல?" என்பார். என் மகளுக்கு நாலு வயசு, குரல் கீச்சென்று இருக்கும். அவள் பேசுவது தாத்தாவுக்குப் பிடிபடுவதே இல்லை. அவளும் இப்போதெல்லாம் தாத்தாவிடம் கதை சொல்லப் போவதில்லை. நான்தான் அவரை எங்கள் இஎன்டி ஓபிக்குக் கூட்டிப்போய் ஆடியோகிராம் எடுத்தேன். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருத்துவம் படித்த மகன் வீட்டில் இருந்தும், இரண்டு ரூபாய் பஞ்சு அடைப்பானை யாரும் அவர் காதில் வைக்கவில்லை.

சரி, அடுத்தது புகை. இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஞாயிறு. தம்பி வீடியோ கால். காலையில் குளிருக்கு மூடிய ட்ரெய்லருக்குள் வைத்தே வண்டியை ஸ்டார்ட் பண்ணி சூடேற்றியிருக்கிறார்கள், இரண்டு பேர் உள்ளேயே பூட்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவலி, குமட்டல். "மலை உயரம்ணே, சரியாயிரும். ஆக்சிஜன் பார்த்துட்டேன், 98 இருக்கு" என்று கோவிட் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் காட்டுகிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தயவுசெய்து இதை நினைவில் வைங்க. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். விரலில் மாட்டுகிற சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விஷம் ஒட்டிய ரத்தத்தையும் "நல்ல சிவப்பு" என்றே படித்து 98, 99 காட்டும். நம்பர் நன்றாக இருக்கும்போதே ஆள் மயங்கி விழலாம். மலை உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, அதனால் பாதிப்பும் சீக்கிரம்.

வெளியே ஓடச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். போனார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், பிழைத்தார்கள். வெறும் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் பாதியாகும்.

இதில் சைலன்சருக்கு என்ன சம்பந்தம்? புது கேன் மாட்டியதும் எல்லாரும் செய்கிற முதல் வேலை, கராஜுக்குள் வைத்து ஸ்டார்ட் பண்ணி சத்தம் கேட்பதுதான். ஷட்டரைத் திறந்து வைத்தால் போதாது, வண்டியை வெளியே தள்ளிட்டு ஸ்டார்ட் பண்ணு. பைப் ஜாயின்ட்டில் கசிவு இருக்கிறதா என்று பார். வண்டி பனியில் புதைந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுத் தோண்டு. புகை வருகிற வாய் பனிக்குள் இருக்கும், உன் மூக்கு அதற்குப் பக்கத்தில் இருக்கும்.

ஒரு மூடநம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தால் பனிச்சரிவு வரும் என்று சினிமாவில் காட்டுவார்கள். அப்படி இல்லை. வண்டியும் ஆளும் சேர்ந்து சரிவில் ஏற்றுகிற பாரம்தான் அடுக்கை உடைக்கிறது. 30 முதல் 45 டிகிரி சரிவுதான் ஆபத்து. இவர்கள் 'யார் உயரமாகக் கோடு போடுவது' என்று ஏறி விளையாடுவதும் அதே சரிவில்தான். 2010 மார்ச்சில் ரெவல்ஸ்டோக் பக்கம் போல்டர் மலையில் அப்படி ஏறிக்கொண்டிருந்தபோது சரிந்தது. கீழே கூட்டமாக வேடிக்கை பார்த்தவர்கள் மேல் வந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள், சுமார் முப்பது பேருக்குக் காயம். புதைந்தவனைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வருகிற கதையே இல்லை, கூட வந்த நண்பன்தான் தோண்டணும்.

சைலன்சர் மாற்றியதால் யாரும் பனிச்சரிவில் சாகவில்லை. நான் கேட்பது, பணம் எந்த வரிசையில் போகிறது என்பதுதான். தம்பியிடம் பீக்கன் இருக்கிறது, மண்வெட்டி இருக்கிறது. ஏர்பேக் இல்லை. கனடாவில் ஏஎஸ்டி 1 என்று இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சி நடக்கிறது, அதை மூன்று வருஷமாக "அடுத்த சீசன்" என்கிறான். சில நூறு டாலருக்குக் கேன் மட்டும் இந்த சீசனே வேணுமாம்!

ஆகவே தம்பிக்கு நான் எழுதியது: முதலில் வகுப்பு, பிறகு ஏர்பேக், இன்றைக்கே ஒரு டப்பா ஃபோம் இயர் பிளக். அதற்கப்புறமும் காசு மிச்சமிருந்தால், நாலாவது லிங்கை அழித்துவிடு. மூன்று கேனில் எடை குறைவாகவும், டெசிபல் கம்பெனி அளவை ஒட்டியும் இருப்பது எது என்று விற்கிறவனிடம் எழுத்தில் கேள். டெசிபலைச் சொல்ல மாட்டேன் என்பவனிடம் வாங்காதே. சூடு தடுக்கிற தகடு கூட வருகிறதா என்று பார், இல்லையென்றால் பக்கத்து பிளாஸ்டிக் உருகும். இன்னொன்று, அந்த மலைகளில் காரிபூ மான்களுக்காக ஏற்கெனவே பல இடங்களை ஸ்னோமொபைலுக்கு மூடி வைத்திருக்கிறார்கள். மிச்சமிருக்கிற இடத்தில் ஊரே எழுந்து புகார் கொடுக்கிற மாதிரி கத்திக்கொண்டு போனால், நாளைக்கு அதற்கும் பூட்டுதான்.

இயர் பிளக் மாட்டும்போது நன்றாக மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலே பின்னால் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, உப்பும் வரை விரலால் அழுத்திப் பிடிங்க. வாசலில் செருகி வைத்தால் பாதிப் பலன்கூட இல்லை. பவர்லூம், லேத் பட்டறை அண்ணன்மாருக்கும் இதேதான்.

மத்தியானம் பதில் வந்தது. ஏஎஸ்டி வகுப்புக்குப் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட். கீழே ஒரு வரி: "கேனை கார்ட்லேருந்து எடுக்கல, ஆனா வாங்கலண்ணே. பெரியப்பாகிட்ட பேசணும், ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். அப்பாவுக்கு அவன் சொன்னதில் பாதி கேட்கவில்லை. நான் திரும்பத் திரும்பக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.