சத்துமாவும் மறைமருந்தும்

தாம்பரத்தினின்று கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் நாள்தோறும் ஏறியிறங்குவோர், அதன் உட்சுவர்களில் ஒட்டப்பெற்றிருக்கும் சிறு தாள்களைக் கண்டிருப்பர். முப்பது நாளில் பத்துக் கிலோ எடை கூடும் என்பது ஒன்று. அதனருகே, அதே பசையின் ஈரம் உலருமுன், முப்பது நாளில் பத்துக் கிலோ எடை குறையும் என்பது மற்றொன்று. இவற்றைப் படித்துக்கொண்டே வண்டி பல்லாவரத்தை அடையும்போது எமக்கு மறைமலையடிகள் நினைவு வருவதுண்டு. நம் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்து, 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராக விளங்கிப் பின்னர்ப் பல்லாவரத்தில் வாழ்ந்த அப்பெரியார், ‘பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்’ என ஒரு நூல் இயற்றினார். இன்று அவர் இவ்வண்டியில் வருவாராயின், உணவெனப் பெயர் பூண்டு உலவும் மருந்தைக் குறித்து மூன்றாவதாக ஓர் இயல் எழுத நேர்ந்திருக்கும்.

சத்துப்பொருள் அனைத்தையும் பழிப்பது எம் கருத்தன்று. பால் திரிந்தபின் எஞ்சும் தெளிநீரினின்று பிரித்து உலர்த்தப்பெறும் ‘வே புரோட்டீன்’ மாவு பாலின் ஒரு கூறேயாம். கிரியாட்டின் என்பது நம் தசையிலும், நாம் உண்ணும் மீனிலும் இறைச்சியிலும் இயல்பாகவே உள்ள பொருள். குறைபாடு கண்டறியப்பெற்றவர்க்கு இரும்புச்சத்தினையும் வைட்டமின்களையும் மருத்துவரே தருகின்றனர். இவை தம்மளவில் நல்லனவே. நம்மில் பெரும்பாலோர்க்கு வேண்டாதனவும் ஆம். எம் வழக்கு இவற்றோடன்று. இவற்றின் டப்பாவையும் பெயரையும் பூண்டு, உள்ளே பெயர் கூறாத மருந்தொன்றைக் கரந்து வருவனவற்றோடே எம் வழக்கு.

எம்மோடு விடுதியில் வாழும் நண்பர் ஒருவர் 400 மீட்டர் ஓட்டக்காரர். பெயர் வேண்டா. மெலிந்த யாக்கையினர், அம்மெலிவைக் குறித்து வெட்கமும் உடையவர். சென்ற ஆண்டு இரண்டாம் பருவத் தொடக்கத்தில், இப்புறநகர்ப் பகுதியில் தெருவுக்கொன்றாக முளைத்துள்ள உடற்பயிற்சிக்கூடங்களுள் ஒன்றிற் சேர்ந்தார். அங்கிருந்த மாஸ்டர் ஒருவர், “தம்பி, நீ என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது; இதைப் பாலில் கலந்து குடி” என்று கூறி வெள்ளை டப்பா ஒன்றைத் தந்தார். அதன்மேல் குதிரையின் படமும், முற்றிலும் இயற்கையானது என்னும் பொருள்பட ஆங்கிலச் சொற்களும் இருந்தன. செய்தவர் முகவரி இருந்ததாக யார்க்கும் நினைவில்லை. விலையோ, செங்கற்பட்டுக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து அவர் தந்தையார் அனுப்பும் மாதச் செலவிற் பாதி.

நான்காம் நாளே பசி பெருகிற்று. மூன்று வாரத்தில் ஐந்து கிலோ ஏறினார். கன்னங்கள் பூரித்தன. ‘மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது’ எனக் கேலி பேசியோருள் யாமும் இருந்தோம்; அதனை மறைக்க விரும்பவில்லை. வட்டமாகத் திரண்ட முகத்தை மருத்துவர்கள் ‘முழுமதி முகம்’ என்பர். யாம் பயிலும் இலக்கியங்களில் அஃது அழகுக்கு உவமை. அவர்தம் நூல்களிலோ நோய்க்குறி. இவ்வேறுபாட்டை யாம் அறிந்தது பின்னர்த்தான். ஓட்டத்தில் மட்டும் அவர் முன்னேறவில்லை. 400 மீட்டரைக் கடக்க முன்னிலும் மிகுதியான நொடிகள் சென்றன. இதை அவரே கவனித்தார். நாங்கள் எவரும் கவனிக்கவில்லை.

இரண்டு மாதத்திற் பணம் தீர்ந்தது, டப்பாவும் தீர்ந்தது. ஒரு வாரத்துள் வாந்தியும் தலைசுற்றலும் தொடங்கின. ஒரு காலை மைதானத்தில் எழுந்து நின்றவர் அப்படியே சரிந்தார். மருத்துவமனையில், “என்ன மருந்து சாப்பிட்டு வந்தாய்?” என்று மருத்துவர் வினவ, “மருந்து ஒன்றும் இல்லை, ஐயா” என்றார். அவர் அறிந்த அளவில் அது மெய்யே. மருத்துவர் அவர் முகத்தைச் சிறிது நேரம் நோக்கிப் பின், மாவு ஏதேனும் உண்டா என்று கேட்டார்.

நிகழ்ந்தது யாது எனின்: சிறுநீரகங்களின்மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அதனையொத்த டெக்சாமெதசோன் போன்ற ஸ்டிராய்டு மருந்து வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டிருப்பின், சுரப்பிகள் தம் தொழிலை நிறுத்திச் சோம்பிவிடுகின்றன. வெளியிலிருந்து வருவது திடீரென நின்றால் உள்ளிருந்தும் சுரப்பதில்லை. குருதி அழுத்தம் வீழ்கின்றது. சில வேளை உயிரும் போதல் கூடும். நண்பர் குருதியில் கார்டிசால் மிகக் குறைந்திருந்தது. டப்பாவைக் கொணர்க என்றார் மருத்துவர். அதுவோ அதற்குள் கழுவப்பெற்று அறைத்தோழரின் சலவைத்தூள் வைக்கும் கலமாகிவிட்டது. எனவே அதனுள் இருந்தது இன்னதென்று இன்றுவரை எவராலும் நிறுவ இயலவில்லை. ஸ்டிராய்டோடு, பசியைத் தூண்டும் சிப்ரோஹெப்டடின் என்னும் ஒவ்வாமை மருந்தும் இருந்திருக்கலாம் என்பது மருத்துவரின் ஊகம்.

இதனின்று யாம் கொண்ட கருத்தொன்றுண்டு; அதனைக் கூறவே இவ்வியாசம் எழுந்தது. சத்துப்பொருளின் மெய்ம்மையை அறியும் முதற்கருவி டப்பாவின் அட்டையன்று, விலையன்று, விற்பவர் நாவன்று. அது செய்யும் வேலையின் வேகமே. உணவு மெல்ல வேலை செய்யும். பருப்பும் முட்டையும் உண்டு பயின்றவன் உடலில் திங்கள் பல கழிந்தே தசை தோன்றும். நான்கு நாளிற் பசி கொழுந்துவிட்டெரியச் செய்வதும், அரைமணி நேரத்தில் நெஞ்சு படபடக்க ஊக்கம் தருவதும், ஒரே வாரத்தில் மூட்டுவலி போக்குவதும் உணவின் இயல்பல்ல, மருந்தின் இயல்பு. வாங்குவோர் மகிழ்வதும் அவ்வேகங்கண்டே என்பதுதான் இதன் துயரம். வணிகனுக்கோ இதில் இரட்டை ஊதியம். நல்ல புரோட்டீன் விலை மிக்கது. மில்லிகிராம் அளவிலேயே வேலை செய்யும் மருந்தோ மிக மலிவு. மாவிற் குறைத்து மருந்திற் கூட்டினால் சரக்கு தானே புகழ் பரப்பும்.

இக்கேடு நம் ஊர்க்கே உரியதன்று. செருமனியின் கொலோன் நகர் ஆய்வுக்கூடத்தார் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப்பொருள்களைச் சோதித்து, 94இல் அட்டையில் கூறப்பெறாத ஸ்டிராய்டு வகைப் பொருள்கள் இருந்தன என 2004இல் வெளியிட்டனர். அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறையோ 2007 முதல் 2016 வரை மறைமருந்து கலந்த 776 பொருள்களைக் கண்டறிந்தது. அவற்றுள் ஏறத்தாழ அனைத்தும் மூன்று வாக்குறுதிகளுள் அடங்கின: ஆண்மைப் பெருக்கம், எடைக் குறைப்பு, தசை வளர்ச்சி. நம் பாட்டனார் காலத்து வார இதழ்களில் வந்த தாதுபுஷ்டி லேகிய விளம்பரங்கள் அறிவியலுடை உடுத்து மீண்டனவோ எனத் தோன்றுகின்றது. எடைக் குறைப்புப் பொருள்களில் மிகுதியாகக் கண்ட சிபுட்ரமின் என்னும் மருந்து, இதயத்திற்கு ஊறு செய்வது பற்றி 2010இல் அமெரிக்கச் சந்தையினின்று நீக்கப்பெற்று, 2011இல் இந்தியாவிலும் தடுக்கப்பெற்றது. கடையினின்று போனது டப்பாவுள் வாழ்கின்றது.

விளையாட்டு வீரர்க்கு இதில் உடலோடு பெயரும் போகும். 2010ஆம் ஆண்டு டில்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் 4x400 மீட்டர் தொடரோட்டத்தில் பொற்பதக்கம் வென்ற நம் நாட்டு மகளிருள் அசுவினி அக்குஞ்சி, சினி ஜோஸ், மன்தீப் கவுர் ஆகிய மூவர், 2011இல் தடைசெய்யப்பட்ட ஸ்டிராய்டு கண்டறியப்பெற்றுப் பிற வீராங்கனையர் சிலருடன் விலக்கப்பட்டனர். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் சீனத்தில் வாங்கித் தந்த ஜின்செங் வில்லைகளாலேயே இது நேர்ந்தது என்பது அவர்கள் வாதம். ஜின்செங் ஒரு வேர், தன்னளவில் தடைசெய்யப்பெற்றதன்று. உள்நாட்டு விசாரணைக் குழு அவர்தம் குற்றம் சிறிதெனக் கருதி ஓராண்டுத் தடை விதித்தது. 2012இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதனை ஈராண்டாக்கியது. அறியாமல் உண்டேன் என்பது தண்டனையைச் சிறிது குறைக்குமேயன்றிக் குற்றத்தை நீக்குவதில்லை. உடலுள் எது சென்றதோ அதற்கு உடலுடையாரே பொறுப்பு என்பது அவ்வுலகின் விதி. அவ்விதி கொடியதென்றே எமக்குத் தோன்றுகின்றது. குருவை நம்புக எனப் பத்தொன்பது வயது வரை கற்பித்துவிட்டு, பின்பு ஏன் நம்பினாய் எனத் தண்டிப்பது எவ்வகை நீதி? ஆயினும் விதி அதுவே. நம் கல்லூரி ஓட்டக்காரர் அதனைப் பந்தயத்திற்கு முன்னரே அறிதல் நலம்.

நிற்க. அட்டையால் பயனே இல்லையோ எனின், சிறிது உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் இயற்றப்பெற்றது. அதன்கீழ் 2016இல் வந்த விதிகள், இத்தகைய பொருள்களில் ஹார்மோனோ ஸ்டிராய்டோ மனத்தை மாற்றும் மருந்தோ இருத்தலாகாது என்கின்றன. சத்துத் துணைப்பொருள் எனவும், மருத்துவப் பயனுக்கு அன்று எனவும் அட்டையில் விளங்க எழுதுதல் வேண்டும். 14 இலக்க உரிம எண்ணும் வேண்டும். அவ்வெண் மெய்யோ பொய்யோ என்பதை எவரும் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். இவை இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டா. ஆனால், எண் இருப்பதனாலேயே உள்ளிருப்பது தூயதாகிவிடாது. வணிகர் இன்னார் என்று அரசு அறியும் என்பதே அவ்வெண்ணின் பொருள்; இந்த டப்பாவைத் திறந்து எவரேனும் சோதித்தார் என்பதன்று. தொகுதிதோறும் சோதித்து முத்திரை தரும் தனி நிறுவனங்கள் வெளிநாடுகளில் உள்ளன. போட்டியிடுவோர், டப்பாவின் தொகுதி எண்ணை அந்நிறுவனத்தார் பட்டியலோடு ஒப்பிட்டு வாங்குதல் ஒருவாறு காப்பாகும். அவற்றின் விலை நம் மாணவர் பலர்க்கு எட்டாதென்பதும் மெய்யே.

‘இயற்கை’ என்னும் சொல்லைக் குறித்து ஒன்று கூறாமல் அப்பாற் செல்ல இயலாது. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பெற்ற தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. அங்குப் பயின்ற மருத்துவர் நாடி பார்த்து, இன்ன மருந்து, இத்தனை நாள், இன்ன பத்தியம் என்று எழுதித் தருவார். சட்டப்படி செய்யப்பெறும் சித்த மருந்தின் கலத்தில் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் சேர்பொருள்களின் பெயர்களும் இருத்தல் வேண்டும். பேருந்து நிலையத்தருகே பெயரில்லாப் புட்டியில் விற்கப்பெறும் லேகியம் சித்தமும் அன்று, உணவும் அன்று. முடக்குவாதக்காரர் ஒருவர் அதனை உண்ட மறுநாளே எழுந்து நடந்தார் எனின், வியப்பதினும் அஞ்சுவதே தக்கது.

இத்தகையதை ஏற்கெனவே உண்டு வருவோர் இதனைப் படிப்பாராயின், அவர்க்கு ஒரு வேண்டுகோள். அச்சத்தால் இன்றே நிறுத்திவிடற்க; எம் நண்பர்க்கு நேர்ந்ததை எண்ணுக. டப்பாவையும் மிஞ்சிய மாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்க. மாவையும் மருந்தெனவே கணக்கிட்டு அவரிடம் மறையாது கூறுக. உடற்பயிற்சித்துறை ஆசிரியர்கள், ஆண்டுத் தொடக்கத்தில் ஓட்டத்தின் நேரம் குறிக்கும்போதே, இன்னது உண்கிறேன் என மாணவர் அஞ்சாது கூறுதற்கு ஒரு பொழுது ஒதுக்குவாராயின் பெரிதும் உதவியாகும். எம் நண்பரும் எவரேனும் கேட்டிருப்பின் கூறியிருப்பார்.

அச்சட்டத்தின் 40ஆம் பிரிவை அண்மையிற் படித்தோம். பொருளை வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். குற்றம் காணின் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கிண்டிக் கிங் நிலைய வளாகத்திலேயே அத்தகைய ஆய்வுக்கூடம் ஒன்று உள்ளது. ஒரேயொரு நிபந்தனை: சோதனைக்குக் கொடுக்கும் எண்ணத்தை, வாங்கும்போதே வணிகரிடம் தெரிவித்தல் வேண்டும். இது நகைப்பிற்கிடமான விதியென முதலில் எண்ணினோம்.

நண்பர் இப்பொழுது தேறிவிட்டார்; மெலிந்தும்விட்டார். சென்ற மாதம் இருவரும் வேறொரு கடைக்குச் சென்று, அதே குதிரைப்படம் பொறித்த டப்பாவைக் கண்டு விலை கேட்டோம். கடைக்காரர் எடுத்து மேசைமேல் வைத்தார். நண்பர் பணத்தை நீட்டிக்கொண்டே, “ஐயா, இதைக் கிண்டியில் சோதனைக்குக் கொடுக்கப் போகிறோம், சட்டப்படி உங்களிடம் சொல்ல வேண்டுமாம்” என்றார். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறி நோக்கினார். “இது பழைய ஸ்டாக், தம்பி. இதை விற்கிறதில்லை” என்று கூறி, டப்பாவை எடுத்து அலமாரியில் முன்னிருந்த இடத்திலேயே வைத்தார்.