வண்டியின் வண்ணமும் வழியின் உரிமையும்

"வீடில்லாதவர்களுக்கு எதற்கு இத்தனை ஆடம்பரம்?"

இங்கிலாந்து ஜிப்சிகளின் குதிரை வண்டிப் படமொன்றைக் காட்டியபோது வகுப்புத் தோழர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று தக்க விடை கூற இயலவில்லை. பிறகு அவ்வண்டிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். இப்போது கூறுகிறேன்: அது ஆடம்பரம் அன்று.

முதலாவதாக, அவர்கள் வீடில்லாதவர்கள் அல்லர். வண்டியே அவர்தம் வீடு. ரோமானி மொழியில் அதற்கு 'வார்டோ' என்று பெயர். எகிப்திலிருந்து வந்தவர்கள் எனத் தவறாக எண்ணியே ஆங்கிலேயர் இம்மக்களை 'ஜிப்சி' என்றனர். உண்மையில் இவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்கள். தண்ணீரைப் 'பானி' என்றும் மூக்கை 'நாக்' என்றும் அவர்கள் வழங்குவது இந்தி அறிந்தவர்க்கு எளிதில் விளங்கும். நெடுங்காலம் கூடாரத்தில் தங்கிய இவர்கள், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே வண்டியை இல்லமாகக் கொண்டனர்.

அவ்வண்டியின் அணிகளில் பலவும் தேவையிலிருந்து பிறந்தவை. ஆரக்கால்களின் ஓரங்களையும் சட்டங்களின் விளிம்புகளையும் உளியால் சீவியிருப்பர். அழகுக்காகவா? வண்டியை இழுப்பது பெரும்பாலும் ஒற்றைக் குதிரை. வலிமை குன்றாத இடமாகப் பார்த்து மரத்தைச் சீவினால் அந்த வாயில்லாச் சீவனுக்குப் பாரம் குறையும். சீவிய இடத்தில் வேறு நிறம் தீட்டியபோது அதுவே அணியாயிற்று.

வண்ணமும் அப்படித்தான். மழையும் உறைபனியும் மாறி மாறித் தாக்கும் நாட்டில் பூச்சில்லாத மரம் எத்தனை நாள் தாங்கும்? அடிப்பூச்சு கொடுத்து, உலரவிட்டு, தேய்த்து, மீண்டும் மீண்டும் பூசி, இறுதியில் வார்னிஷ் அடிப்பர். சுவர்கள் கருஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். சக்கரங்களுக்குப் பெரும்பாலும் வைக்கோல் மஞ்சள். அதன்மேல் மெல்லிய சிவப்புக் கோடு. அக்கோட்டை இழுப்பது தனித் திறமை. நீண்ட மயிர்த் தூரிகையைப் பிடித்த கை ஓரிடத்திலும் தயங்கக் கூடாது. அதன் பின்னரே தங்க ரேக்கு. பசைப்பூச்சு முற்றும் காயாமல், விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போது ரேக்கை ஒற்றி எடுப்பர். திராட்சைக் கொடியும் பறவையும் குதிரைத் தலையும் பொன்னாய் ஒளிரும். தங்கம் மிகுந்த வண்டி செல்வக் குடும்பத்தின் அடையாளம். இது பெருமை பேசுதல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நிலபுலம் இல்லாதவர்கள் தம் செல்வத்தை வேறெங்கே காட்டுவார்கள்?

உள்ளே அடுப்பின் இடம்கூட எண்ணிச் செய்ததே. அங்கும் நம்மைப் போலச் சாலையின் இடப்புறம் செல்வர். ஓரத்து மரக்கிளைகளில் புகைபோக்கி மோதாதிருக்க, அதை வண்டியின் வலப்புறம் வைத்தனர். வாயில் முன்பக்கம் இருப்பதால், ஏறி நுழைபவர்க்கு அடுப்பு இடக்கைப் பக்கம் அமையும். இதைப் படித்தபோது நான் எழுந்து நின்று கைகளை நீட்டித் திசை பார்த்துக்கொண்டேன். நண்பர்கள் சிரிக்க வேண்டா!

'சிறந்த வண்டிகளைக் கட்டியவர்கள் ஜிப்சிகள் அல்லரே, பின் எப்படி அது அவர்கள் கலையாகும்?' என்று கேட்பாரும் உளர். உண்மைதான். ரெடிங் நகரத்து டன்டன் குடும்பத்தார், லீட்சுக்கு அருகிலிருந்த பில் ரைட் போன்ற வண்டித் தச்சர்கள் புகழ் பெற்றவர்கள். ஒரு வண்டிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். ஆனால் இன்ன வடிவம் வேண்டும் என்று சொல்லிச் செய்வித்தவர்களும், அதில் பிள்ளை பெற்று வளர்த்தவர்களும் ஜிப்சிகளே. உரியவர் இறந்தால் வண்டியை அவர் உடைமைகளோடு எரித்துவிடுவது அவர்களின் பழைய வழக்கம். அருங்காட்சியகத்தார் இதற்கு வருந்தலாம். எனக்கு வருத்தமில்லை. வாழ்ந்தவர் போனபின் அது வெறும் வண்டிதானே?

என் வருத்தமெல்லாம் வேறு. இன்று அதே வடிவில் வண்டி செய்து, தோட்டத்தில் நிறுத்தி, விடுமுறை விருந்தினர்க்கு வாடகைக்கு விடுகின்றனர். பூவேலை ஏராளம், சக்கரம் உருளாது. கென்னத் கிரஹாம் 1908இல் எழுதிய 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' கதையில் செல்வச் செருக்குள்ள தேரை ஒன்று மஞ்சள் வண்ண ஜிப்சி வண்டி வாங்கிப் பயணம் புறப்படுகிறது. மோட்டார் கார் ஒன்றைக் கண்டதும் அவ்வண்டியை மறந்தேவிடுகிறது. அந்தத் தேரைக்குச் சட்டத் தொல்லை எதுவும் வண்டியால் வரவில்லை.

ஜிப்சிகளுக்கோ தொல்லை தீர்ந்தபாடில்லை. உள்ளாட்சிகள் அவர்களுக்குத் தங்குமிடம் அமைத்துத் தர வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. 1994இல் அக்கடமை நீக்கப்பட்டது. அனுமதியின்றித் தங்குவோரின் வண்டியைச் சில நிலைகளில் காவலர் பறிமுதல் செய்யலாம் என்று 2022இல் மற்றொரு சட்டம் வந்தது. வீட்டையே பறிமுதல் செய்வது! அச்சட்டத்தின் ஒரு பகுதி மனித உரிமைக்கு ஒவ்வாதது என 2024இல் உயர்நீதிமன்றம் கூற நேர்ந்தது.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஆப்பிள்பி குதிரைச் சந்தைக்குச் சில குடும்பங்கள் இன்றும் வில்போல் வளைந்த கித்தான் கூரை வண்டிகளில் வருகின்றன. பார்க்கக் கூட்டம் கூடுகிறது, படம் எடுக்கிறது. தோழரே, பொழுது சாய்ந்தபின் குதிரையை அவிழ்த்துக் கட்ட ஓரிடம் கேட்டால், அக்கூட்டத்தில் எத்தனை பேர் நிற்பர்?