கலம் பேணுவோரே கரை காண்பர்

நெடுங்கடற் பயணத்தில் கலத்தைப் பழுதுபார்த்தல் பயணத்துக்கு நேரும் இடையூறன்று. அதுவே பயணத்தின் பெரும்பகுதி. இவ்வுண்மையைத் தேயிலைத் தளிருக்கும் பனிமூட்டத்துக்கும் இடையே வாழும் நாம் எடுத்துரைப்பது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். அட்டன் மாணவன் ஒருவன் அருகிருந்து கண்ட படகு, நுவரெலியாக் கிரகரி ஏரியில் உல்லாசமாகச் செல்லும் படகாகவே பெரும்பாலும் இருக்கும். எனினும் கடல் நமக்கு அந்நியமானதன்று. நம் முன்னோருட் பலர் பாக்கு நீரிணையைத் தோணிகளிற் கடந்தே இம்மலைகளை அடைந்தனர். தோட்டங்களுக்கென ஆளேற்றி வந்த 'ஆதிலட்சுமி' 1864ஆம் ஆண்டில் மூழ்கிப் பலர் மாண்ட துயரை மலையகம் மறந்துவிடவில்லை. நடுக்கடலில் கலமொன்றே கதி என்பதை நாம் ஏட்டிற் படித்தறிய வேண்டியதில்லை.

ஈழத் தமிழர் பெருமையுடன் நினைவுகூரும் கடற்பயணம் ஒன்றுண்டு. வல்வெட்டித்துறையில் நம்மவர் கைத்திறத்தால் உருவான 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் விலைக்கு வாங்கினார். 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' எனப் புதுப்பெயர் பூண்ட அம்மரக்கலம், வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவரின் உழைப்போடு, 1938 ஆகஸ்ட் முதலாம் நாள் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அதன் நீளம் 89 அடியே. அட்லாந்திக் பெருங்கடலைக் கடந்த வீரத்தை நாம் போற்றுகின்றோம்; அது தகும். ஆயின், அவ்வீரத்துக்கு அடியில் கிடந்த அன்றாட உழைப்பை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

மரக்கலம் ஓயாது அசைவது. அலையின் முறுக்கலில் பலகைகளின் பொருத்து இளகும்; இளகிய இடுக்கில் பஞ்சோ நாரோ திணித்துக் குங்கிலியப் பூச்சிட்டுக் கலப்பற்று அடைத்தல் வேண்டும். கயிறு உராய்ந்து தேயும். பாய் வெயிலில் இற்றுப்போகும். வெப்பக் கடல்களில் கப்பற்புழு அடிமரத்தைத் துளைக்கும். அடியிற் சேரும் நீரை இறைத்தபடியே இருத்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் துறைமுகம் வரும்வரை பொறுத்திராது.

உலகக் கடலோடிகளின் வரலாறும் இதனையே பகர்கின்றது. 1770 ஜூன் மாதத்தில் கப்டன் குக்கின் 'எண்டெவர்' கப்பல் அவுஸ்திரேலியப் பவளப்பாறையில் மோதிப் பிளந்தது. கயிற்றுநாரும் கம்பளி மயிரும் ஒட்டிய பாயொன்றைக் கப்பலின் அடியிலே இழுத்துக் கட்டி, உட்புகும் நீரைத் தணித்து, ஆற்றுமுகம் ஒன்றிற் கரையேற்றி, ஏறக்குறைய ஏழு வாரம் செப்பனிட்டே அவர்கள் மீண்டும் பாய் விரித்தனர். 1895 முதல் 1898 வரை உலகைத் தன்னந்தனியே முதன்முதற் சுற்றிய யோசுவா சுலோக்கம், தம் 'ஸ்பிரே' படகைப் பழங்கூட்டிலிருந்து தம் கைகளாலேயே புதுக்கியவர். அதன் ஒவ்வோர் ஆணியும் அவர் அறிந்தது. அண்மையில், 2022-23ஆம் ஆண்டுகளில் நடந்த 'கோல்டன் குளோப்' தனிமனிதப் படகோட்டத்தில் இந்தியரான அபிலாஷ் தோமி 236 நாட்கள் ஓடி இரண்டாமிடம் பெற்றார். காற்றின் துணையால் படகைத் தானே திருப்பும் கருவி பழுதுற்றபோது, அதற்கு வேண்டிய பலகையைப் படகின் கழிப்பறைக் கதவிலிருந்து அவர் அறுத்தெடுத்தார். துறைமுகத்துக்குச் சென்று திரும்ப அவ்வோட்டத்தின் விதிகள் இடந்தரா, கையிலிருந்ததே கருவியாயிற்று.

இவற்றினின்று நாம் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று. பழுது பெரிதாகுமுன் நாடோறும் தேடிக் காணல் வேண்டும். செப்பனிடும் பொருளும் கருவியும் புறப்படும்போதே உடனிருத்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, செப்பனிடும் அறிவு கரையில் அன்று, கலத்தினுள்ளேயே இருத்தல் வேண்டும்.

இம்மூன்றும் நம் மலைகளில் இல்லையென்று கூறுவார் யார்? தேயிலைத் தொழிற்சாலை ஒன்றினுட் சென்று காண்க. பறித்த கொழுந்து காத்திராது; ஆதலால் உருட்டும் யந்திரம் நின்றால், கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை எவரும் கைகட்டி நிற்பதில்லை. ஓசையின் வேறுபாட்டைக் கேட்டே நோயை உணரும் தொழிலாளர் அங்குளர். ஆனால் அதே தோட்டத்தில், தொழிற்சாலைக் கூரை ஒழுகினால் அன்றே ஏணி சாத்தப்படுகின்றது. லயத்தின் கூரை ஒழுகினால் மனு எழுதப்படுகின்றது! வறிய தொழிலாளியே தன் செலவில் திருத்திக்கொள்ளட்டும் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. தனக்குரிமையற்ற கலத்தை எவன் மனமுவந்து பேணுவான்? காணியும் வீடும் உரிமையாதல் முதற்கண் வேண்டுவது. அவ்வுரிமை கிட்டும் நாளில், அதனைப் பேணும் கையும் நம்மவர்க்கு இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

இனி, நம் கல்லூரிக்கு வருவோம். கல்லூரியும் நெடும்பயணம் புறப்பட்ட கலமே. விழா ஆண்டென்றால் புதுமண்டபம், அலங்கார வளைவு, பெயர் பொறித்த கல் ஆகியவற்றுக்குப் பொருள் குவிகின்றது. கூரைப் பீலியைத் துப்புரவாக்கவும், உடைந்த மேசைக்குக் கால் பொருத்தவும், ஆய்வுகூடத்துக் குழாயைத் திருத்தவும் கொடைஞர் முன்வருவதில்லை. பீலியிற் பெயர் பொறிக்க இயலாதன்றோ! புதுக்கட்டடமே பழைய மாணவரின் உள்ளத்தை எழுப்பும் என்பாருளர். அக்கூற்றில் உண்மையுண்டு. ஆயின் இம்மலைநாட்டின் மழை எவர் பெயரையும் படித்துப் பார்த்து ஒதுங்குவதில்லை. பேணுதற்கு நிதியின்றி எழுப்பும் ஒவ்வொரு மண்டபமும் அடுத்த தலைமுறையின் தலையில் ஏற்றும் கடனாகும்.

ஆதலின், விழா நிதியில் ஒரு பங்கைத் தொடாத முதலாக வைத்து, அதன் வருவாயைப் பராமரிப்புக்கென்றே ஒதுக்குமாறு பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம். கப்பலில் நாட்குறிப்பு எழுதுவதுபோல், பருவந்தோறும் கட்டடங்களைப் பார்வையிட்டுப் பழுதுகளைப் பதியும் ஏடொன்று இருத்தல் நன்று. தச்சும் மின்வேலையும் குழாய்வேலையும் பயிலும் வேலைத்தலம் ஒன்றும் வேண்டும். அங்குப் பயிலும் மாணவர் படிப்பிற் பின்தங்கியோர் என்னும் இழிநோக்கை ஆசிரியரும் பெற்றோரும் அகற்றல் வேண்டும். கணிதத்தில் வல்லவனும் உளி பிடிக்கக் கற்கட்டும்.

கலம் கட்டியோர் புகழை நாம் பாடிவிட்டோம். அதனை ஒழுகாது காத்து அடுத்த துறைக்குக் கொண்டு செல்வோர் நம்முள் எழுவாராக.